பால் பானைக்குப் பூனை காவலா?

தோட்டத்து மக்கள் நாம் அதை ‘மருந்து’ என்றுதான் சொல்கிறோம். ரப்பர் காலத்தில் லாலானுக்கு மருந்து அடித்தோம். செம்பனை வந்தபிறகு மரத்தடிப் புல்லுக்கு மருந்து அடிக்கிறோம். நோய் தீர்ப்பதற்கல்லவா மருந்து? பம்பை முதுகில் சுமந்து நிரை நிரையாக நடந்த நம் பெண்களுக்கு அது எந்த நோயைத் தீர்த்தது? நம் நாட்டுச் சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ராச்சுன்’, அதாவது விஷம். இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடச் சட்டம் உண்மை பேசுகிறது.

“மூக்கிலே ரத்தம் வருது, நகம் கழண்டு போவுது, கண்ணு மங்குது” என்று மருந்து அடிக்கிற அம்மாமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்குக் கிடைத்த பதிலும் தெரியும்: “கையுறை கொடுத்தோமே, நீ ஏன் போடலே?” நம் சண்டையெல்லாம் மண்டோரோடும் கிராணியோடும் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த டின் தோட்டத்து ஸ்டோருக்குள் வருவதற்கு முன்பே, அதை நாட்டில் விற்கலாமா கூடாதா என்று ஓர் அரசாங்க அலுவலகம் முடிவு செய்து விட்டிருக்கிறது. அந்த அலுவலகம் யாருடைய கைக்குள் இருக்கிறது? நம் உடம்பின் தலைவிதி பாதி அதில்தான் அடங்கியிருக்கிறது.

இந்தக் கேள்வி 1970-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டமன்றத்தின் முன் வந்தது. அங்கே விஷத்துக்குக் காவல் இருந்த அலுவலகம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியது. அதில் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன என்பதைத் தோட்டப் பாட்டாளிகள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இலாகாக்களை இணைப்பதும் பிரிப்பதும் எல்லா நாட்டிலும் நடக்கிறது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது.

ஒரு கையில் ஏர், மறு கையில் தடி

அமெரிக்காவில் 1947-ஆம் ஆண்டு பூச்சிகொல்லிச் சட்டம் ஒன்று வந்தது. மருந்தை விற்க விரும்பும் கம்பெனி, அதை முதலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பை விவசாய இலாகாவிடம் கொடுத்தார்கள். அந்த இலாகாவின் முதல் வேலை என்ன? விளைச்சலைப் பெருக்குவது. விளைச்சல் பெருக மருந்து வேண்டும் என்று சொன்னதும் அந்த இலாகாதான். மருந்து ஆபத்தானதா என்று சோதிக்க வேண்டியதும் அந்த இலாகாதான். ஒரு கையில் ஏர், மறு கையில் தடி. ஏர் பிடித்த கைக்குத்தான் வலு அதிகம் என்று சொல்லவும் வேண்டுமா?

எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு சான்று. ஒரு மருந்தைப் பதிவு செய்ய முடியாது என்று இலாகாவே மறுத்தாலும், கம்பெனி ‘நான் ஆட்சேபிக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதையே விற்கலாம். சட்டத்தில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையை 1964-ஆம் ஆண்டில்தான் அடைத்தார்கள். பதினேழு வருடம்!

1968-ஆம் ஆண்டில் காங்கிரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. பதின்மூன்று வருடங்களாகச் சட்டத்தை மீறியவர்கள் மீது வழக்குத் தொடரும்படி விவசாய இலாகா ஒருவரைக்கூட அனுப்பவில்லை என்று அறிக்கை எழுதியது. மறு வருடம் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்றும் இதே விஷயத்தைத் துருவி ஆராய்ந்து, இலாகா தன் கடமையைச் செய்யவில்லை என்று கடுமையாகச் சொன்னது. பால் பானைக்குப் பூனையைக் காவல் வைத்தால் வேறென்ன நடக்கும்? பூனை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. பால் குடிப்பது அதன் சுபாவம். காவல் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குறையை வெளியே கொண்டுவந்தது அந்த இலாகா அல்ல, மந்திரியும் அல்ல. சட்டமன்றத்தின் ஆட்கள் உட்கார்ந்து, ஏடு ஏடாகப் படித்து, அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டதால்தான் வெளியே வந்தது.

அறுபது நாள் கெடு

1970 ஜூலை 9-ஆம் நாள் ஜனாதிபதி நிக்சன் காங்கிரசுக்கு ஒரு திட்டம் அனுப்பினார். அந்த வருடத்தின் மூன்றாம் எண் சீரமைப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். பல இலாகாக்களில் சிதறிக் கிடந்த வேலைகளைப் பிடுங்கி ஓரிடத்தில் நடுகிற திட்டம் அது. தண்ணீர் அசுத்தத்தைப் பார்க்கும் பிரிவு உள்துறையிலிருந்து வந்தது. காற்றையும் குப்பையையும் பார்க்கும் பிரிவுகள் சுகாதார, கல்வி, சமூகநல இலாகாவிலிருந்து வந்தன. கதிர்வீச்சுக்கு அளவு விதிக்கும் வேலை அணுசக்திக் கமிஷனிலிருந்து வந்தது. பூச்சிகொல்லிப் பதிவு விவசாய இலாகாவிலிருந்து வந்தது. இவை அனைத்தும் சேர்ந்ததுதான் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம்.

ஒரு பொருளை வளர்க்கும் இலாகாவே அதன் தீமைக்கு நீதிபதியாகவும் இருக்க முடியாது. நீதிபதி தனியே இருக்க வேண்டும். இதுதான் திட்டத்தின் அடிப்படை வாதம். எதிர்த்துச் சொல்லக்கூடிய வாதமும் இல்லாமல் இல்லை. பயிரைத் தெரியாதவன் கையில் மருந்துச் சட்டத்தைக் கொடுத்தால் விவசாயி என்ன ஆவான்? நன்றாக வேரூன்றிய பிரிவைப் பிடுங்கிப் புது இடத்தில் நட்டால் வேர் அறுந்து போகாதா? இப்படியும் கேட்கலாம். நியாயமான கேள்விகள்தான். அதனால்தான் சட்டமன்றம் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

பரிசீலனை எப்படி நடந்தது? அப்போதிருந்த 1949-ஆம் ஆண்டுச் சீரமைப்புச் சட்டத்தின்படி, ஜனாதிபதியின் திட்டம் காங்கிரசின் முன் அறுபது நாள் கிடக்கும். சபைகள் நீண்ட விடுமுறையில் இருக்கும் நாள்கள் இந்தக் கணக்கில் சேரா. பிரதிநிதிகள் சபை, செனட் சபை இரண்டில் ஏதாவது ஒன்று ‘வேண்டாம்’ என்று தீர்மானம் போட்டால் திட்டம் செத்துப்போகும். இரண்டும் பேசாமல் இருந்தால் திட்டம் நிறைவேறிவிடும். ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. எடுத்தால் முழுதும் எடு, விட்டால் முழுதும் விடு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண மசோதா என்றால் ‘ஆம்’ என்று கை தூக்குகிறவர்கள் வேண்டும். இங்கே சும்மா இருந்தாலே ‘ஆம்’ என்று அர்த்தம். வாய் திறக்காதவன் சம்மதித்தவனாகிறான். நம் தோட்டத்துப் பழக்கமும் இதேதான் அல்லவா? பிரட்டில் புது உத்தரவைப் படித்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, உத்தரவு அமுலுக்கு வந்துவிட்டது!

இரண்டு சபைகளின் குழுக்களும் விசாரணை நடத்தின. இரண்டு சபையும் திட்டத்தைத் தள்ளவில்லை. 1970 டிசம்பர் 2-ஆம் நாள் புது நிறுவனம் கதவைத் திறந்தது. நீதி இலாகாவில் வழக்கறிஞராக இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் அதன் முதல் தலைவரானார். பின்னாளில், 1983-ஆம் ஆண்டில், ஒரு சபை தனியாக இப்படிச் செல்லாது என்று சொல்லும் முறை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அந்தப் பழைய வழி இன்று அங்கே இல்லை. நிறுவனம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

பறவை பிழைத்தது, கூலிக்காரன்?

கைமாறியதால் பலன் உண்டா? உண்டு. டி.டி.டி. என்ற பூச்சிகொல்லியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேரியாவுக்காக லயத்துச் சுவர்களில் அடித்தார்களே, அதேதான். அமெரிக்காவில் அதை வயல்களில் கொட்டினார்கள். பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்தது. கழுகு இனமே அருகியது. புது நிறுவனம் விசாரணை வைத்தது. ஏறக்குறைய ஏழு மாதம் நடந்தது. தடை தேவையில்லை என்று விசாரணை அதிகாரி எழுதினார். ரக்கல்ஸ்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. 1972 ஜூன் 14-ஆம் நாள், பயிர்களுக்கு டி.டி.டி. அடிப்பதை ஏறக்குறைய முழுதுமாகத் தடுத்தார். பழைய இலாகாவின் கையில் இருந்திருந்தால் இந்த முடிவு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் கதையின் மறுபாதிதான் நமக்கு முக்கியம். டி.டி.டி. போனால் பருத்திக் காட்டுப் பூச்சியை எதைக் கொண்டு கொல்வது? பாரத்தியான் இனத்து மருந்துகளைக் கொண்டு. டி.டி.டி. மெல்லக் கொல்லும் விஷம், மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். பாரத்தியான் மண்ணில் சீக்கிரம் அழியும். ஆனால் தோலில் பட்டாலே போதும், அடிக்கிறவன் அன்றைக்கே விழுவான். கழுகுக்கு நல்லது, கூலிக்காரனுக்குக் கெட்டது! நிறுவனத்துக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் தடையை அந்த டிசம்பர் 31 வரை தள்ளிப் போட்டு, புது மருந்தை ஜாக்கிரதையாகக் கையாளக் கற்றுக்கொடுக்க அவகாசம் எடுத்தார்கள்.

வேலை செய்கிறவனுக்கென்று சட்டம் எப்போது வந்தது? 1970 டிசம்பர் கடைசியில் தொழில் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் கையெழுத்தானது. அதன்கீழ் அமைந்த தொழில் பாதுகாப்பு நிர்வாகம், மருந்து அடித்த வயலுக்குள் எத்தனை நாள் கழித்து ஆள் இறங்கலாம் என்று 1973-ல் அவசர விதி போட்டது. தோட்ட முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974-ன் தொடக்கத்தில் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பிறகு அதே வருடம் சுற்றுச்சூழல் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு சிறிய விதி எழுதியது: மருந்து காயும்வரை, தூசி அடங்கும்வரை வயலுக்குள் ஆளை அனுப்பாதே, சில கடும் மருந்துகளுக்கு இன்னும் கொஞ்சம் பொறு. அவ்வளவுதான். தண்ணீர், சோப்பு, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை என்று விரிவான விதி 1992-ல்தான் வந்தது. அதைத் திருத்தி வலுப்படுத்தியது 2015-ல். பறவைக்கு இரண்டு வருடத்தில் நீதி. பழம் பறிக்கிறவனுக்கு இருபது வருடம்!

ஏன் இப்படி? நிக்சன் அனுப்பிய திட்டத்தில் எந்த அதிகாரம் எங்கே போகிறது என்று நீண்ட பட்டியல் இருந்தது. காற்று இருந்தது, தண்ணீர் இருந்தது, உணவில் தங்கும் விஷத்தின் அளவுகூட இருந்தது. வயலில் நிற்கும் கூலிக்காரனின் உடம்பு யார் பொறுப்பு என்று தனியே ஒரு வரி இல்லை. அவன் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே விழுந்தான். “அது உன் வேலை” என்று இதுவும், “உன் வேலை” என்று அதுவும். இன்னொன்றும் உண்டு. பதிவு அலுவலகம் விவசாய இலாகாவை விட்டுப் போனாலும், காங்கிரசில் பூச்சிகொல்லிச் சட்டத்தைக் கவனிப்பது விவசாயக் குழுக்கள்தான் என்ற நிலை மாறவில்லை. பெயர்ப்பலகை மாறியது, மேய்ப்பவர் முழுதும் மாறவில்லை.

அதே 1970-ஆம் ஆண்டில், அறுபது நாள் கெடு ஓடிக்கொண்டிருந்த அதே கோடையில், கலிபோர்னியாவில் வேறொன்று நடந்தது. அங்குள்ள டெலானோ வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் 1965 செப்டம்பரில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். லாரி இட்லியோங் அவர்களுக்குத் தலைவர். சில நாளில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து வருடம் போராடினார்கள். திராட்சை வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். 1970 ஜூலை 29-ஆம் நாள் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? டி.டி.டி. போன்ற விஷங்களை அடிக்கக் கூடாது என்ற ஷரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

கவனித்தீர்களா? அரசாங்கம் 1972-ல் செய்ததைத் தொழிலாளர்கள் 1970-லேயே தங்கள் ஒப்பந்தத்தில் செய்துகொண்டார்கள். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான தோட்டத்துக்கு மட்டுமே செல்லும். சட்டம் எல்லாத் தோட்டத்துக்கும் செல்லும். இரண்டும் வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் பூச்சிகொல்லிச் சட்டம் 1974-ஆம் ஆண்டில் வந்தது. எந்த மருந்தைப் பதிவு செய்யலாம், எதை நீக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு வாரியம் அமைந்தது. அதில் சுகாதார இலாகாவுக்கும் இடம் உண்டு. ஆனால் தலைவர் நாற்காலி விவசாய இலாகாவின் தலைமை இயக்குநருக்கு. தொழிலாளியின் பாதுகாப்பைப் பார்க்கும் இலாகாவோ மனிதவள அமைச்சின் கீழ் தனியே இருக்கிறது. அமெரிக்காவில் 1970-ல் எழுந்த கேள்வி நம் வாசலிலும் நிற்கிறது.

பாராகுவாட் கதையைப் பாருங்கள். கிராமக்சோன் என்று நம் மக்கள் அறிந்த அதே களைக்கொல்லிதான். ஒரு வாய் உள்ளே போனாலும் மாற்று மருந்து கிடையாது. 2002-ஆம் ஆண்டில் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக வாரியம் அறிவித்தது. அதே ஆண்டில் தெனாகனித்தா அமைப்பு, தோட்டத்தில் மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நிம்மதி என்று நினைத்தோம். 2006-ல், மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லி அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாள்தான். முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவே பதினேழு வருடத்துக்கு மேல். அன்று பம்பைத் தூக்கிய இளம்பெண் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். தடை போட்டதும் தளர்த்தியதும் மறுபடி போட்டதும் வாரியத்து மேசையில் நடந்தவை. அறுபது நாள் சபையின் முன் கிடந்து, எல்லாரும் பார்க்க விவாதித்து முடிவான காரியமல்ல.

இலாகா சீரமைப்பும் நமக்குப் புதிதல்ல. ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் ரப்பர் சம்பந்தப்பட்ட வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து 1998 ஜனவரியில் மலேசிய ரப்பர் வாரியமாயின. செம்பனை ஆராய்ச்சிக் கழகமும், செம்பனை எண்ணெய்க்கு உரிமம் தரும் அமைப்பும் சேர்ந்து 2000 மே மாதம் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமாயின. இரண்டும் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் செய்த காரியங்கள். தொழிலை வளர்ப்பதும் உரிமம் கொடுத்துக் கண்காணிப்பதும் அங்கே ஒரே கூரையின் கீழ் வந்தன. நாம் அதைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மசோதாக்கள் சபையில் வந்தபோது எத்தனை தோட்டத்தில் அதைப் பற்றிப் பேசினோம்? “அது படிச்சவங்க சமாசாரம்” என்று விட்டுவிட்டோம்.

விடக்கூடாது என்பதே நம் கட்சி. இனி எந்த இலாகாவைப் பிரித்தாலும் சேர்த்தாலும், தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் அதைப் பேச வேண்டும். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக்கு மட்டும் வருகிறவர் அல்ல. மசோதாவின் மேல் சபையில் எழுந்து கேட்க வேண்டியவர். அவரிடம் நேராகவே கேளுங்கள்: “ஐயா, இந்தப் புது ஏற்பாட்டிலே மருந்து அடிக்கிறவங்க உடம்புக்கு யார் பொறுப்பு? எந்த வரியிலே எழுதியிருக்கு, காட்டுங்க.” அந்த வரி இல்லையென்றால், மசோதா கமிட்டியில் இருக்கும்போதே சேர்க்கச் சொல்லுங்கள். சட்டமானபிறகு ஒரு வரியைச் சேர்க்க இருபது வருடம் ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கூலிக்காரனே சாட்சி.

கையில் இருக்கிற உரிமையையும் மறக்க வேண்டாம். நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்க வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா? அதில் மருந்து அடிக்கிறவர் ஒருவராவது உட்காருகிறாரா? அதே சட்டத்தில் வந்த திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் அமுலுக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பி, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இது நமக்கு மட்டுமல்ல. இன்று நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் சேர்த்துத்தான். அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். டெலானோவில் பிலிப்பினோவும் மெக்சிகோக்காரரும் சேர்ந்து நின்றதால்தானே திராட்சை முதலாளிகள் பேனாவை எடுத்தார்கள்?

பாராகுவாட் போய்விட்டது, நல்லது. ஆனால் புல் வளர்வது நிற்கவில்லை; வேறு டின் வந்திருக்கிறது, இனியும் வரும். அந்த டின்னுக்கு அனுமதிச் சீட்டு எழுதுகிற கை எந்த இலாகாவின் கை என்று நம் பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்கட்டும். மண்டோரிடம் கேட்க வேண்டியதை மண்டோரிடம் கேட்போம். சபையில் கேட்க வேண்டியதைச் சபையில் கேட்கச் செய்வோம்.